அறியப்படாத மொழியில் ஒரு மடல்

துருக்கி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இந்த மடலை உங்கள் அவையில் யாராவது எழுந்து வாசித்தால், அவைக்குறிப்பில் 'உறுப்பினர் அறியப்படாத ஒரு மொழியில் பேசினார்' என்று எழுதிவிடுவார்கள். தமிழைப் பொறுத்தவரை எனக்கு அதில் வருத்தமில்லை. அங்காராவில் தமிழ் தெரிந்த சுருக்கெழுத்தாளருக்கு எங்கே போவது? ஆனால் கோடிக்கு மேல் குர்துகள் வாழும் உங்கள் நாட்டில் குர்திஷ் மொழிக்கும் இதே குறிப்பைத்தான் நெடுங்காலம் எழுதிவந்தீர்கள். பிற்பாடு அதையும் சுருக்கி வெறும் 'எக்ஸ்' போட்டீர்கள். துருக்கிய அகரவரிசையில் எக்ஸ் என்ற எழுத்தே கிடையாது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதைவிட வேடிக்கை, 2009 ஜனவரி 1 முதல் உங்கள் அரசுத் தொலைக்காட்சியே இந்த 'அறியப்படாத' மொழியில் தனி அலைவரிசை ஒன்றை நடத்திவருகிறது.

நான் உங்கள் வாக்காளன் இல்லை. குர்துகளின் கிளர்ச்சிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிற ஒரு தமிழ் வாசகன், அவ்வளவுதான். படிக்கத் தொடங்கிய புதிதில் மலை, துப்பாக்கி, குதிரைப்படை என்றுதான் தேடிப் போனேன். கைக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி காகிதம். சட்டம், அவசர ஆணை, ரகசியத் திட்டம், தூக்குத் தீர்ப்பு. அவற்றில் பலவும் உங்கள் மன்றத்தில் பிறந்தவை. அதனால்தான் மடலை மலையில் இருப்பவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் நாட்டில் ஒரு கணக்கு சொல்வார்கள். குர்து தொழிலாளர் கட்சியான பி.கே.கே. 1984இல் தொடங்கிய ஆயுதப் போராட்டம் '29ஆவது குர்து கிளர்ச்சி' என்று. முந்தைய 28ஐயும் அடக்கியதுபோல இதையும் அடக்குவோம் என்ற பொருளில்தான் பெரும்பாலும் அந்த எண் வரும். எண்ணிக்கை சரியா தப்பா என்று சண்டை போட நான் வரவில்லை. ஒரே வீட்டில் இருபத்தெட்டு முறை ஒழுகினால் மழையைத் திட்டிக்கொண்டே இருப்போமா, மேலே ஏறி ஓட்டைப் பார்ப்போமா?

முதல் காகிதத்திலிருந்தே வருகிறேன். 1921இல் உங்கள் மன்றம் எழுதிய அரசியலமைப்பில் மாகாணங்களுக்கு உள்ளூர்த் தன்னாட்சி இருந்தது. 1923 ஜனவரியில் இஸ்மித் நகரில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த, பின்னாளில் குடியரசின் முதல் அதிபரான முஸ்தபா கெமால், குர்துகள் எங்கெல்லாம் பெரும்பான்மையோ அங்கெல்லாம் அந்தச் சட்டப்படியே தங்களை நிர்வகித்துக்கொள்வார்கள் என்ற பொருளில்தான் பேசினார். முதல் உலகப் போரில் தோற்ற உஸ்மானியப் பேரரசோடு நேச நாடுகள் செய்த 1920இன் செவ்ர் ஒப்பந்தம் தங்களுக்குத் தனிநாட்டுக்கான வழியைக் காட்டியபோதும், அதை நம்பாமல் கெமாலோடு நின்று போராடிய குர்துகள் ஏராளம். அவர்கள் கணக்கில் இந்தப் பேச்சு ஒரு வாக்குறுதி. அப்புறம் ஜூலை 24இல் செவ்ருக்குப் பதிலாக லொசான் ஒப்பந்தம் வந்தது. அதில் குர்து என்ற சொல்லே இல்லை. அடுத்த ஆண்டு வந்த புதிய அரசியலமைப்பில் தன்னாட்சியும் இல்லை. அதே 1924 மார்ச் 3 அன்று கலிபா பதவியை ஒழித்தீர்கள், மதரசாக்களும் மூடப்பட்டன. குர்திஷ் மொழியில் பிள்ளைகள் எழுத்துக் கற்றது பெரும்பாலும் அந்த மதரசாக்களில்தான். ஓராண்டுகூட ஆகவில்லை, 1925 பிப்ரவரியில் பிரான் என்ற ஊரில் முதல் குண்டு வெடித்தது.

அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஷேக் சயீத் மதவாதி, பழைய கலிபாவை மீட்கக் கிளம்பியவர் என்பீர்கள். பாதி உண்மை. அவர் நக்ஷபந்தி சூஃபி மரபில் வந்த ஷேக். மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தான் ஊர்களைத் திரட்டினார். ஆனால் அவருக்கு முன்பே திட்டம் போட்டது ஆசாதி என்ற ரகசிய அமைப்பு. அதில் இருந்தவர்களில் பலர் உங்கள் ராணுவத்திலேயே பணியாற்றிய குர்து அதிகாரிகள். கிளர்ச்சி இரண்டு மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. தியார்பகிர் கோட்டைச் சுவரை அவர்களால் உடைக்க முடியவில்லை; சிரியாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் உங்கள் படைகளைத் தங்கள் ரயில்பாதை வழியாகப் போகவிட்டார்கள். ஜூன் இறுதியில் ஷேக்கையும் அவருடன் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களையும் தியார்பகிரில் தூக்கிலிட்டார்கள்.

அந்தக் கிளர்ச்சிக்காக மார்ச் 4 அன்று நீங்கள் நிறைவேற்றிய அமைதி நிலைநாட்டல் சட்டம் யாரையெல்லாம் பதம்பார்த்தது என்று மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இஸ்தான்புல்லில் பத்திரிகைகள் மூடப்பட்டன. அப்போது இருந்த ஒரே எதிர்க்கட்சியும் ஜூனில் கலைக்கப்பட்டது. குர்துக்கு என்று வெட்டிய குழியில் துருக்கியரும் விழுந்தார்கள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்கலாம். அதே ஆண்டு செப்டம்பரில் தயாரான கிழக்குச் சீர்திருத்தத் திட்டம் ரகசிய ஆவணமாகவே இருந்தது. கடைவீதியில்கூட குர்திஷ் பேசக் கூடாது என்கிற அளவுக்குப் போன திட்டம் அது.

அடுத்தது அராராத் மலைக் கிளர்ச்சி. இந்த முறை தலைமையில் ஷேக் இல்லை. ஹொய்பூன் என்ற அமைப்பை 1927இல் லெபனானில் கூடித் தொடங்கியவர்கள் படித்தவர்கள், நாடுகடத்தப்பட்டவர்கள். படைத்தலைவர் இஹ்சான் நூரி உங்கள் ராணுவத்திலிருந்து விலகி வந்தவர். 1930 ஜூலையில் ஜிலான் பள்ளத்தாக்கில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. பள்ளத்தாக்கு வாய்வரை பிணங்களால் நிரம்பிவிட்டது என்று இஸ்தான்புல் நாளிதழ் ஒன்றே அந்த நாட்களில் பெருமையோடு எழுதியது. எனக்கு அதைவிட அதிர்ச்சி தந்தது அடுத்த ஆண்டு நீங்கள் நிறைவேற்றிய 1850ஆம் எண் சட்டம். 1930 ஜூன் 20 முதல் டிசம்பர் வரை அந்தப் பகுதியில் கிளர்ச்சியை அடக்கும்போது படையினரோ அதிகாரிகளோ காவலர்களோ பொதுமக்களோ செய்த எதுவும் குற்றமாகாது என்றது அது. தேதி போட்டு, தொடக்கமும் முடிவும் குறித்து, கொலைக்கு விடுமுறை கொடுத்த சட்டம். கைதூக்கி நிறைவேற்றியது உங்கள் மண்டபத்தில்.

கிழக்கு மலைப்பகுதியான டெர்சிமில் காகிதம் முன்கூட்டியே வந்தது. 1935 டிசம்பரில் துன்ஜெலி சட்டம். ஊரின் பெயரை மாற்றியது, ராணுவ ஆளுநர் ஒருவரை உட்கார வைத்தது, உங்கள் மன்றத்துக்கே வராமல் தூக்குத் தண்டனையை உறுதிசெய்யும் அதிகாரத்தை அவர் கையில் கொடுத்தது. அங்கிருந்தவர்கள் சுன்னி அல்லாத அலெவி பிரிவினர், பெரும்பாலும் ஜாஸா மொழி பேசுபவர்கள். சுன்னியான ஷேக் சயீத்துக்கு அவர்கள் உதவி செய்யவில்லை. அதைக்கூட நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1937இல் மோதல் தொடங்கியது. பேசித் தீர்க்கலாம் என்று நம்பி எர்சின்ஜானுக்குப் போன அவர்களின் தலைவர், முதியவர் செய்யித் ரிசாவைச் செப்டம்பரில் கைது செய்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னவர் குர்து இல்லை. அப்போது இளம் அதிகாரியாக எலாஸி நகருக்கு அனுப்பப்பட்டு, பிற்காலத்தில் உங்கள் வெளியுறவு அமைச்சராகவே ஆன இஹ்சான் சப்ரி சாலாயான்கில். அதிபர் ஊருக்கு வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அவசரம். அதற்காக நீதிமன்றத்தை இரவில் கூட்டினார்கள். நவம்பர் 15 விடிவதற்குள் வாகன விளக்கு வெளிச்சத்தில் தூக்குமேடை தயார். 'கர்பலாவின் பிள்ளைகள் நாங்கள், குற்றமற்றவர்கள். இது வெட்கக்கேடு, கொடுமை, கொலை' என்று சொல்லிவிட்டு, தூக்கிலிடுபவரை ஒதுக்கித் தள்ளிக் காலடியில் இருந்த நாற்காலியைத் தானே உதைத்தார் கிழவர். மகனுக்கும் அதே இரவு அதே முடிவு. மறு ஆண்டு ராணுவம் திரும்பி வந்தது. 1937இல் அங்கே குண்டு போட்ட விமானிகளில் ஒருவர் சபிஹா கோக்சென். இஸ்தான்புல்லின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். ஊர் திரும்புகிற டெர்சிம்காரர் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே வரிசையில் நின்றுதான் பயணப்பெட்டியை எடுக்கவேண்டும்.

2011 நவம்பரில் அப்போதைய பிரதமர் எர்துவான் டெர்சிமுக்காக மன்னிப்புக் கேட்டார். 13,806 பேர் கொல்லப்பட்டதாக அரசு ஆவணத்தையே எடுத்து வாசித்தார். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேசியது தன் கட்சிக் கூட்டத்தில். குறி வைத்தது டெர்சிமில் பிறந்த எதிர்க்கட்சித் தலைவரை, டெர்சிம் சம்பவத்தின்போது ஆட்சியில் இருந்த அவருடைய கட்சியை. மன்றம் தன் பெயரில் ஒரு தீர்மானம் போட்டிருந்தால் அதன் எடை வேறு.

இதெல்லாம் உங்கள் நாட்டில் மட்டும் நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஈரானில் மகாபாத் நகரின் ச்வார் சிரா சதுக்கத்தில் 1946 ஜனவரி 22 அன்று குர்து குடியரசை அறிவித்தார் காஜி முகம்மது. துணைநின்ற சோவியத் படை வெளியேறிய சில மாதங்களில் குடியரசு விழுந்தது. 1947 மார்ச் 31 அன்று அதே சதுக்கத்தில் அவரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஈராக்கில் குர்து தலைவர் முல்லா முஸ்தபா பர்சானி 1961இல் தொடங்கிய போருக்கு 1970 மார்ச் 11 அன்று தன்னாட்சி உடன்பாடு கிடைத்தது. உடன்பாட்டைப் பாக்தாத் காப்பாற்றவில்லை, மறுபடி போர். ஈரான் மன்னர் ஆயுதம் கொடுத்தார், அமெரிக்காவும் ரகசியமாகக் கைகொடுத்தது. 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் மன்னரும் சதாம் உசேனும் எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டு கட்டிப்பிடித்த மறுநாளே அந்த ஆயுதம் நின்றுபோனது. பர்சானி 1979இல் வாஷிங்டனில் நோயாளியாக இறந்தார். 1988இல் குர்துகள் மீது சதாம் நடத்திய அன்ஃபால் நடவடிக்கை, ஹலப்ஜாவில் நச்சுவாயு. ஒரே நாளில் இறந்தவர்கள் 5,000 வரை. 'மலைகளைத் தவிர நண்பர்கள் இல்லை' என்ற குர்து பழமொழியை ஊர்பட்ட கட்டுரைகளில் படித்து எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் 1975ஐப் படிக்கும்போதெல்லாம் அதைத் தவிர வேறு சொல் வாயில் வருவதில்லை.

குர்துகள் தங்களுக்குள்ளும் வெட்டிக்கொண்டார்கள். 1994 முதல் 1998 வரை பர்சானி கட்சியும் தலபானி கட்சியும் நடத்திய சண்டையில், 1996இல் எர்பில் நகரைப் பிடிக்க பர்சானி தரப்பு சதாமின் படையையே அழைத்து வந்தது. எட்டே ஆண்டுக்கு முன் ஹலப்ஜாவில் வாயு போட்ட படை. இதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் பாருங்கள். 2005இல் ஈராக் தன் அரசியலமைப்பில் குர்திஷை அரபுக்குச் சமமான ஆட்சிமொழியாக எழுதியது. வானம் இடிந்து விழவில்லை. எர்பில் கடைத்தெருவில் அதிகம் விற்பது உங்கள் நாட்டுச் சரக்கு, கட்டடம் கட்டுவது உங்கள் நாட்டுக் கம்பெனிகள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குர்திஷ் உங்களுக்கு வியாபாரத்துக்கு ஆகிறது, இந்தப் பக்கம் இருப்பதுதான் ஆபத்தாகத் தெரிகிறது.

பேச்சுவார்த்தைக்கு அழைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். செய்யித் ரிசாவை அழைத்த கதை மேலே இருக்கிறது. ஈரானில் குர்து தலைவர் சிம்கோ ஷிகாக்கை 1930இல் பேச வரச்சொல்லிப் பதுங்கியிருந்து சுட்டார்கள். ஈரானிய குர்து தலைவர் காசெம்லூ 1989 ஜூலை 13 அன்று வியன்னாவில், ஈரான் அரசின் தூதர்களோடு பேசிக்கொண்டிருந்த அறையிலேயே கொல்லப்பட்டார். மலையிலிருந்து இறங்கி வாருங்கள் என்று நீங்கள் சொன்னதும் ஏன் தயங்குகிறார்கள் என்று உங்களில் சிலர் எரிச்சல்படுகிறீர்கள். பாட்டன் போன வழி பேரனுக்குத் தெரியும்.

சரி, 29ஆவதுக்கு வருகிறேன். பி.கே.கே. கையில் ரத்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1987 ஜூனில் பினார்ஜிக் கிராமத்தில் 30 பேரைக் கொன்றார்கள், அதில் 16 பேர் குழந்தைகள். செத்தவர்களும் குர்துகள்தான். கிராமப் பள்ளி ஆசிரியர்களைச் சுட்டார்கள். இந்தக் கணக்கை அவர்கள் ஒருநாள் தங்கள் மக்களிடமே தீர்க்க வேண்டும். ஆனால் உங்கள் பக்கக் கணக்கை நான் வெளியிலிருந்து எடுக்கவில்லை. 1998இல் உங்கள் மன்றக் குழுவே அறிக்கை கொடுத்தது: காலி செய்யப்பட்ட கிராமங்கள் 905, குடியிருப்புகள் 2,523, வெளியேறியவர்கள் 3,78,335 பேர். இந்த வேலையில் பெரும்பங்கு ராணுவத்துடையது. அந்த அறிக்கையை வைத்து யார் மீதாவது நடவடிக்கை எடுத்தீர்களா?

அந்த இயக்கத்துக்கு அத்தனை இளைஞர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு ராணுவ நிபுணர்கள் எழுதியதையெல்லாம் விட எனக்கு விடையாகத் தோன்றுவது ஒரு தாயின் கதை. 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சிறையில் இருந்த மகனைப் பார்க்க வந்தவர். சிறைப் பார்வை நேரத்தில் குர்திஷ் பேசத் தடை. அவருக்கு வேறு மொழி தெரியாது. யாரிடமோ கேட்டு 'எப்படி இருக்கிறாய்' என்ற ஒரே துருக்கிய வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனார். பார்வை நேரம் முழுக்க மகன் பெயரைச் சொல்லி அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். சாப்பிட்டாயா என்பதும் அதில்தான், அடித்தார்களா என்பதும் அதில்தான். 1983இல் ராணுவ ஆட்சி போன கையோடு ஒரு சட்டமும் போட்டுவிட்டுத்தான் போனது. எண் 2932. குர்திஷின் பெயரைச் சொல்லாமலே அதைத் தடைசெய்த சட்டம். அடுத்த ஆகஸ்டில் எரூ, ஷெம்தின்லி ஊர்களில் பி.கே.கே.யின் முதல் தாக்குதல்.

1991இல் அந்தச் சட்டத்தை நீக்கினீர்கள். அதே ஆண்டு நவம்பரில் குர்து பெண் உறுப்பினர் லெய்லா சானா உங்கள் மேடையில் உறுதிமொழியைத் துருக்கியத்தில் எடுத்துவிட்டு, துருக்கிய-குர்து மக்களின் சகோதரத்துவத்துக்காக என்று குர்திஷில் ஒரே வரி சேர்த்தார். மேசைகளைத் தட்டினீர்கள், கத்தினீர்கள். மூன்று ஆண்டு கழித்து, வேறு குற்றச்சாட்டின் பேரில்தான், 15 ஆண்டு சிறைத் தண்டனை. வெளியே வந்தது 2004இல். குர்திஷில் வரும் க்யூ, டபிள்யூ, எக்ஸ் எழுத்துகளுக்கு 2014 வரை தடை இருந்தது. குர்துகளின் புத்தாண்டான நெவ்ரோஸ் வாழ்த்தில் டபிள்யூ எழுதியதற்காக மேயர் மீது வழக்கு.

2025 பிப்ரவரி 27 அன்று இம்ராலி சிறையிலிருந்து பி.கே.கே. தலைவர் ஓஜலான் இயக்கத்தைக் கலைக்கச் சொன்னார். மே மாதம் இயக்கம் கலைந்ததாக அறிவித்தது. ஜூலை 11 அன்று ஈராக்கின் சுலைமானியா அருகே ஜாசனா குகைக்கு வெளியே ஆணும் பெண்ணுமாக 30 பேர் துப்பாக்கிகளைப் பெரிய அண்டாவில் போட்டுக் கொளுத்தினார்கள். உலகம் முழுக்கப் படத்தைப் பார்த்தது. அந்தக் குகையின் பழங்கதை தெரிந்தவர்கள் குறைவு. 1923இல் பிரிட்டிஷ் விமானங்கள் சுலைமானியாவில் குண்டு போட்டபோது குர்து தலைவர் ஷேக் மஹ்மூத் பர்சன்ஜி அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஒதுங்கினார். (1919 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷார் அவரை நாடுகடத்தி வைத்தது எங்கள் இந்தியாவில்.) குகைக்குள் உட்கார்ந்து குர்திஷ் மொழியில் செய்தித்தாள் அச்சடித்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடுகிறவன் அச்சு இயந்திரத்தைச் சுமந்துகொண்டு ஓடினால், அவனுக்கு எது முக்கியம் என்று வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

துப்பாக்கி அவர்கள் பக்கத்துச் சாமான். அது அண்டாவில் எரிந்தது. காகிதம் உங்கள் பக்கத்துச் சாமான். இனி உங்கள் முறை என்று நினைக்கிறேன். பெரிய பட்டியல் என்னிடம் இல்லை. தன்னாட்சியா, கூட்டாட்சியா, ஒற்றையாட்சியா என்பதை நீங்களும் அவர்களும் பேசிக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கிற நான் மூன்றே விஷயம் கேட்கிறேன்.

ஷேக் சயீத்தையும் செய்யித் ரிசாவையும் எங்கே புதைத்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டு குடும்பங்களும் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. ஷேக் சயீத்துக்கு நூற்றாண்டே கடந்துவிட்டது, எலும்பு கிளர்ச்சி செய்யாது. எதிரி மண்ணில் விழுந்தவனுக்கும் பெயர் எழுதிக் கல் நட்டு வைத்த ஊரிலிருந்து வருகிறவனுக்கு, ஒரு கல்லறையைப் பார்த்து அரசாங்கம் பயப்படுவது விளங்கவே இல்லை.

1850ஆம் எண் சட்டம் சரியல்ல என்று மன்றத்தின் பெயரில் ஒரு தீர்மானம் போடுங்கள். செத்தவர்கள் திரும்பமாட்டார்கள், தெரியும். அந்தக் காகிதமாவது தன் பொய்யை ஒப்புக்கொள்ளட்டும்.

மூன்றாவது சின்ன விஷயம். 2025 ஆகஸ்டில் சமாதானத்துக்கு என்றே நீங்கள் அமைத்த குழுவின் முன்னால், பிள்ளையைப் போருக்குப் பறிகொடுத்த குர்து தாய்மார்கள் வந்தார்கள். ஒருவர் தன் மொழியில் பேசத் தொடங்கினார். அனுமதி இல்லை என்றார்கள். அவர் துருக்கியத்துக்கு மாறிப் பேசிவிட்டுப் போனார். சிறைக்குப் போன அந்தப் பழைய தாய்க்கு ஒரு வாக்கியம் தெரிந்திருந்தது, இவருக்குக் கூடுதலாகச் சில வாக்கியங்கள் தெரிந்திருக்கின்றன. நாற்பது ஆண்டில் வந்த முன்னேற்றம் அவ்வளவுதானா?

அவரை மறுபடியும் கூப்பிடுங்கள். இந்த முறை பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வையுங்கள். ஆளுக்கு அலைய வேண்டாம், உங்கள் அரசுத் தொலைக்காட்சியின் குர்திஷ் பிரிவுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்